இன்னும் பாதி காலி

அவளுக்கு ஆபீசில் டிரைவரம்மா என்று பெயர். ஸ்டியரிங்கைத் தொட்டதுகூடக் கிடையாது. கருவிகளுக்குள் இருக்கிற சிப்புகளிடம் இதை எடு, அதை வை என்று வேலை வாங்கும் சின்ன நிரல்களுக்கு டிரைவர் என்று பெயர். அவற்றை எழுதுவதுதான் அவள் பிழைப்பு. அவளுடைய அண்ணனுக்கு இது நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டேதான் தான் வேலை பார்த்த பஸ் நிலையம் முழுக்க "என் தங்கச்சி டிரைவர்" என்று பரப்பி வைத்திருந்தான். எந்த ரூட் என்று யாராவது கேட்டால், "ரொம்பக் குறுகலான ரூட்டுங்க, நீங்கள்லாம் உள்ள நுழைய முடியாது" என்பான்.

அண்ணன் அந்த நிலையத்தின் அறிவிப்பாளன். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய குழந்தை தொலைந்துபோய் அலுவலகத்தில் அழுதுகொண்டிருக்கிறது என்பதையெல்லாம் காலையிலிருந்து சாயங்காலம்வரை மைக்கில் சொல்வது அவன் வேலை. கனமான குரல். வீட்டில் மெதுவாகப் பேசினாலே பக்கத்து வீட்டுக்கு விஷயம் போய்விடும். அந்தக் குரலில் ஒரு கரகரப்பு வந்து, போகமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. மருத்துவர்கள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். குரல்வளையையே எடுத்தால்தான் ஆள் பிழைப்பான், ஆனால் அதற்கப்புறம் பேச்சு வராது என்று சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் எல்லாரும் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தபோது டிரைவரம்மா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஏனென்றால் அவளுடைய ஆபீசில் செய்வதே பேசும் பெட்டிதான். குரல் போகப்போகிறவர்கள் வேண்டியதையெல்லாம் முன்கூட்டியே பேசி அதில் பதிந்துகொள்ளலாம். பிறகு பொத்தானை அழுத்தினால் பெட்டி அவர்கள் குரலிலேயே பேசும். சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரியது, சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். பதிந்த குரல் அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருக்கும், வேறெங்கும் நகல் எடுத்து வைக்க மாட்டோம் என்பது அந்த ஆபீசின் பெருமை. ஒருத்தருடைய குரல் அவருடைய சொத்து இல்லையா? அந்த விதிக்காகக் கூட்டத்தில் சண்டை போட்டு ஜெயித்தவளே டிரைவரம்மாதான்.

சாதாரணமாகப் பேசுகிறவர்களுக்கு அந்தப் பெட்டி போதும். அண்ணனுக்கு எந்த மூலைக்கு? நல்லகாலமாக அப்போது ஆபீசுக்குப் பெரிய சிப் ஒன்று மாதிரிக்கு வந்திருந்தது. பழைய சிப்பின் அதே உருவம், அதே கால்கள், உள்ளே மட்டும் இரண்டு மடங்கு இடம். அடுத்த தொகுதிப் பெட்டிகளில்தான் அதைப் போடுவதாக இருந்தார்கள். டிரைவரம்மா, பலகைகளில் சிப் பற்றவைக்கிற சால்டர்காரரிடம் போய் நின்றாள்.

"அண்ணே, எங்கண்ணனுக்கு மட்டும் பெரிய சிப்பாப் போட்டு ஒரு பெட்டி தாங்கண்ணே."

"அதுக்கென்ன, போட்டாப் போச்சு. டிரைவர் ஓட்டிடுவியா?"

"ஒரு வரி மாத்தணும், அவ்வளவுதான்."

உண்மையிலேயே ஒரு வரிதான் மாற்றினாள். சிப்பின் கொள்ளளவு என்று எழுதியிருந்த எண்ணை இரண்டு மடங்காக்கினாள். பிறகு சோதனை. அந்த ஆபீசில் சோதனைக்கு ஒரு பழக்கம் உண்டு: வைத்ததும் எடுத்துப் பார். சிப்பில் ஓர் இடத்தில் எதையாவது எழுது, உடனே அதைத் திரும்பப் படி, இரண்டும் ஒன்றாக இருந்தால் அடுத்த இடத்துக்குப் போ. எத்தனையோ பெட்டிகளுக்கு அப்படித்தான் செய்தார்கள், ஒன்றுகூட ஏமாற்றியதில்லை. இந்தச் சிப்பும் முதல் இடத்திலிருந்து கடைசி இடம்வரை திரையில் பச்சை பச்சையாகவே காட்டியது. டிரைவரம்மா பெட்டியைத் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தாகிவிட்டது, அவசரம் என்று சொல்லலாம். அவசரம் இல்லாவிட்டாலும் அவள் அதைத்தான் செய்திருப்பாள். அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

அண்ணன் வீட்டு உள்ளறையில் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வியர்க்க விறுவிறுக்கப் பதிவு நடந்தது. முதலில் என்ன பதிவது என்பதில் அண்ணி கறாராக இருந்தாள்.

"மொதல்ல வீட்டுக்கு. அப்புறம்தான் ஊருக்கு."

முதல் பொத்தான் அண்ணிக்கு. அதைப் பதியும்போது டிரைவரம்மாவையும் குழந்தையையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். தனியாக இருக்கும்போது அண்ணன் அவளைக் கூப்பிடுகிற பெயர் ஒன்று உண்டு. அது என்னவென்று அந்த இரண்டு பேரைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது. டிரைவரம்மா பல வருஷமாக நச்சரித்தும் கிடைக்காத பெயர். அந்தப் பெயரைச் சொல்லி அவன் ஏதோ பேசியிருக்க வேண்டும். கதவு திறந்தபோது அண்ணியின் கண் சிவந்திருந்தது, முகத்தில் வெட்கமும் இருந்தது. அடுத்த பொத்தான்களெல்லாம் மகளுக்கு. பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்த அந்தக் குழந்தையை எல்லாரும் குட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். குட்டி, பல் தேய்ச்சியா? குட்டி, அப்பாகிட்ட ஓடி வா. பயப்படாத, அப்பா இங்கதான் இருக்கேன். தூங்குடா தங்கம். இப்படி நிறைய. அதற்கப்புறம் மருத்துவமனையில் எழுதிக்கொடுத்த சொற்கள்: தண்ணி, வலிக்குது, வேண்டாம், போதும், டாக்டரைக் கூப்பிடுங்க. அவற்றை அண்ணன் கடனே என்று, பஸ் பெயர்களை வாசிக்கிற மாதிரி வாசித்தான். ஒவ்வொன்றையும் பதிந்தவுடனே போட்டுக் கேட்டார்கள். எல்லாம் துல்லியமாக இருந்தது.

அண்ணன் நாற்காலியில் சாய்ந்து கழுத்தைத் தடவிக்கொண்டான்.

"போதும் வாலு. தொண்டை எரியுது."

வாலு என்பது டிரைவரம்மாவின் வீட்டுப் பெயர். அவள் பெட்டியின் திரையைப் பார்த்தாள்.

"என்ன போதும்? இன்னும் பாதி காலியாக் கிடக்குண்ணா! பேசு. என்ன வேணும்னாலும் பேசு. இதெல்லாம் அப்புறம் கிடைக்குமா?"

"அட போதும்டி."

"அண்ணா, ப்ளீஸ்ணா. எனக்காக."

தங்கை எனக்காக என்று சொல்லிவிட்டால் அண்ணன் என்ன செய்வான்? தண்ணீர் குடித்துவிட்டுப் பெட்டியை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டான். "பயணிகளின் கவனத்திற்கு! மூணாம் நடைமேடையில நிக்கிற வண்டி இப்ப கிளம்பாது. டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கார். கண்டக்டர் டிரைவரைத் தேடிப் போயிருக்கார். தயவுசெஞ்சு நீங்க யாரும் யாரையும் தேடிப் போகாதீங்க!" குட்டி கட்டிலில் விழுந்து புரண்டு சிரித்தாள். அதோடு அவனுக்கும் உற்சாகம் பிடித்துக்கொண்டது. நாயாகக் குரைத்தான். ராத்திரியில் குறட்டை விட மாட்டேன் என்று சாதித்துக்கொண்டே குறட்டை விட்டுக் காட்டினான். எதிர்வீட்டு மோட்டார் சைக்கிளை வாய்க்கு வந்தபடி திட்டினான். சுருதி சேராமல் பாடினான். தும்மல்கூட வேண்டும் என்று கேட்டு மூக்கில் துணியைத் திரித்து விட்டு ஒரு தும்மலும் வாங்கினாள் டிரைவரம்மா. அந்த வீட்டில் அவ்வளவு சிரிப்பு அதற்கு முன்னால் கேட்டதில்லை, அதற்கப்புறமும் கேட்கவில்லை.

கடைசியில் அவன் குரல் நிஜமாகவே கம்மிப்போனபோதுதான் விட்டாள். "மொதல்லேருந்து ஒருதரம் போட்டுக் கேட்டுடுவோமா?" என்றாள்.

அண்ணி பெட்டியைக் கையால் மூடிக்கொண்டாள். "வேண்டாம். மொத பொத்தானை நான் இப்ப மறுபடி கேக்க மாட்டேன். இவர் நல்லபடியா வீட்டுக்கு வந்து, இவர் கையால அழுத்தணும். அப்பத்தான் கேப்பேன்."

பெட்டியை மூடி வைத்தார்கள்.

அறுவை நல்லபடியாகவே முடிந்தது. அண்ணன் மெலிந்து, கழுத்தில் போட்டிருந்த துளையின் மேல் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு வீடு திரும்பினான். மருத்துவமனையில் இருந்தவரை சொல்ல வேண்டியதைக் குட்டியின் சிலேட்டில் எழுதிக் காட்டினான். பெட்டி தலையணைக்கடியில் கிடந்தது, ஒரு பொத்தானைக்கூட அழுத்தவில்லை. முதல் பொத்தான் வீட்டில்தான் என்று பேச்சு. அண்ணி தலை வாரி, அவனுக்குப் பிடித்த நீலப் புடவை கட்டிக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். டிரைவரம்மா குட்டியை அழைத்துக்கொண்டு வெளியே போக எழுந்தாள். அண்ணன் பரவாயில்லை, இரு என்று கை காட்டினான். பல வருஷ ரகசியத்தை உடைக்கத் தயாராகிவிட்டான் போலிருந்தது. பிறகு முதல் பொத்தானை அழுத்தினான்.

"...தேடிப் போயிருக்கார். தயவுசெஞ்சு நீங்க யாரும் யாரையும்..."

பெட்டி பாதியில் நின்றது. குட்டி கை தட்டிச் சிரித்தாள். அண்ணியும் சிரித்துவிட்டாள்.

"விளையாடாதீங்க. ஒழுங்கா அழுத்துங்க."

அவன் விளையாடவில்லை. பொத்தானைக் குனிந்து பார்த்துவிட்டு மறுபடி அழுத்தினான். யாரும் யாரையும். மறுபடி. யாரும் யாரையும். குட்டிக்கான பொத்தானை அழுத்தினான், நாய் குரைத்தது. அடுத்ததில் குறட்டையின் நடுப்பகுதி வந்தது. தூங்குடா தங்கம் என்று சொல்ல வேண்டியதில் மோட்டார் சைக்கிள்காரனின் குடும்பத்தைப் பற்றிய செய்தி வந்தது. அண்ணியின் சிரிப்பு எப்போது நின்றதென்று டிரைவரம்மா கவனிக்கவில்லை. அவள் எட்டித் திரையில் மருத்துவமனைச் சொற்களின் பக்கத்தைத் திறந்து ஒன்றை அழுத்தினாள். "தண்ணி" என்றது பெட்டி, அழகாக, சுத்தமாக.

முதலில் வைத்தது போய்விட்டது, நடுவில் வைத்தது இருக்கிறது. என்ன நடந்தது என்று அந்த ஒரு சொல்லிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

சிப்பை ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய சிப்புக்குக் கீழ்த்தளம் மட்டும்தான். பெரிய சிப்புக்கு மேலே ஒரு மாடியும் உண்டு. கீழே ஐந்தாம் அறை இருந்தால் மாடியில் நூற்றைந்தாம் அறை. டிரைவர் சிப்பிடம் ஒவ்வோர் இடத்தின் முகவரியையும் மூன்று பைட்டில், அதாவது மூன்று துண்டாக, சொல்லும். கீழ்த்தளத்துக்கு அது போதும். மாடிக்கு நான்காவது பைட் வேண்டும், அதுவும் இனிமேல் நான்கில் சொல்லப்போகிறேன் என்று சிப்பிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் சிப் பழைய வழக்கப்படி மூன்றோடு நிறுத்திக்கொள்ளும். டிரைவரம்மா வீட்டின் அளவை மாற்றி எழுதினாளே தவிர டிரைவருக்கு மாடிப்படியைக் காட்டவில்லை. ஆகவே நூற்றைந்தாம் அறையில் வை என்றபோது அது நூற்றை விழுங்கிவிட்டு ஐந்தாம் அறைக்குப் போயிற்று; அங்கே ஏற்கெனவே இருந்ததைத் துடைத்துவிட்டுப் புதியதை வைத்தது. நூற்றைந்திலிருந்து எடுத்து வா என்றபோது அதே ஐந்தாம் அறைக்குப் போய் அதையே எடுத்து வந்து நீட்டியது. வைத்ததும் எடுத்துப் பார்க்கிறவர்களுக்கு எல்லாம் பச்சைதான். எல்லாவற்றையும் வைத்து முடித்துவிட்டு முதல் அறைக்குத் திரும்பிப் போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அப்படிப் பார்க்கும் வழக்கம் அந்த ஆபீசில் இல்லை.

அண்ணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன ஆச்சு?"

"சாஃப்ட்வேர் கொஞ்சம் குழம்பியிருக்கு அண்ணி. ஆபீசுக்கு எடுத்துட்டுப் போய்ச் சரி பண்ணிக் கொண்டுவரேன்."

"எல்லாம் உள்ளதான இருக்கு?"

"உள்ளதான் இருக்கும்."

அதைச் சொன்ன வாயை அப்போதே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. இருந்தாலும் அவள் மனதின் ஒரு மூலை அதை நம்பவும் செய்தது. ஒருவேளை அறுவையன்று பேட்டரி தீர்ந்து, சிப் மறுபடி விழித்து, எங்கேயோ ஏதோ மாறி, பழைய குரல் மாடியில் பத்திரமாக உட்கார்ந்திருக்கக் கூடாதா? தவித்துப்போனவர்கள் நினைக்கிற நினைப்பு இப்படித்தான் இருக்கும்.

மறுநாள் காலையில் முதல் ஆளாக ஆபீசுக்குப் போனாள். பெட்டியைத் திறந்து கம்பிகளை மாட்டி, டிரைவரில் சேர்க்க வேண்டியதைச் சேர்த்தாள். நான்கில் பேசப்போகிறேன் என்று சிப்புக்கு ஒரு கட்டளை, பிறகு முகவரிக்கு நான்காவது பைட். தேநீர் ஆறுவதற்குள் முடிந்துபோகிற வேலை. இதை அன்றைக்கே செய்திருக்கலாமே என்று நினைக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. மாடியைப் படி என்று கட்டளை கொடுத்தாள்.

திரை நிரம்பிற்று. எழுதப்படாத சிப் எப்படி இருக்குமோ அப்படி, ஒரே எழுத்து வரிவரியாக, பக்கம் பக்கமாக. அந்த மாடியில் இதுவரை ஒரு சத்தம்கூட நுழைந்ததில்லை. கடைசி வரிவரைக்கும் உருட்டிப் பார்த்தாள். அப்புறம் கீழ்த்தளத்தைப் படித்துப் பார்த்தாள். அண்ணியின் பொத்தானும் குட்டியின் பொத்தான்களும் இருந்த இடம் முழுக்க அறிவிப்பும் குரைப்பும் தும்மலும்தான். அவன் போதும் என்று சொன்னதற்கப்புறம் பேசியதெல்லாம் சேர்ந்து, அவன் முதலில் பேசியதைச் சரியாக மூடியிருந்தது. இன்னும் கொஞ்சம் பேசியிருந்தால் மருத்துவமனைச் சொற்களும் போயிருக்கும்.

சால்டர்காரர் பின்னால் வந்து நின்றார். திரையையும் அவளையும் பார்த்தார். "துடைச்சுட்டு எழுதியிருக்கு, இல்ல?" என்றார். அவள் தலையாட்டினாள். துடைத்துவிட்டு எழுதிய சிப்பிலிருந்து பழையதை மீட்க முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவர் அவள் தோளில் கையை வைக்கலாமா என்று யோசித்து, வைக்காமல், நாற்காலியை மட்டும் இழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

மேனேஜர் விஷயத்தைக் கேட்டுவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நல்லவேளைம்மா! அடுத்த தொகுதி பூரா இந்தச் சிப்புதான். வெளிய போயிருந்தா என்ன ஆயிருக்கும்!"

"வெளியதான் சார் போயிருக்கு."

அவருக்கு முகம் மாறிவிட்டது. நல்ல மனிதர்தான், வாய்தான் முந்திக்கொள்ளும். "ஐயோ, நான் அந்த அர்த்தத்துல சொல்லல" என்று இழுத்தார். கொஞ்ச நேரம் மேஜையில் இருந்த பேனாவை உருட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வீட்ல சிப்பு கெட்டுப்போச்சுன்னு சொல்லிடும்மா. மாதிரிக்கு வந்த சிப்பு, கெட்டுப்போறது உலகத்துல இல்லாததா? உன் மேலயும் வராது, யாருக்கும் மனஸ்தாபமும் இல்ல" என்றார்.

பஸ்ஸில் வரும்போது அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். சிப்பு கெட்டுப்போச்சு அண்ணி. சிப்பு கெட்டுப்போச்சுண்ணா. ஒவ்வொரு தரமும் முன்னைவிட இயல்பாக வந்தது. வீட்டு வாசலில் குட்டி சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தாள். "அத்தை, அப்பா சரியாயிடுச்சா?" என்று கத்தினாள். பெட்டியைத்தான் அப்பா என்கிறாள் என்று புரிய டிரைவரம்மாவுக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று.

உள்ளறையில் அண்ணி தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் நாற்காலியில். டிரைவரம்மா பெட்டியை அவனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே சொன்னாள்.

"சிப்பு கெட்டுப்போச்சு அண்ணி."

அண்ணியின் கை துணியிலேயே நின்றது. அண்ணன் சட்டென்று சிலேட்டை எடுத்தான். எழுதினான், தடுமாறி அழித்தான், மறுபடி எழுதித் தங்கையிடம் திருப்பிக் காட்டினான். அண்ணி பார்த்துவிடக் கூடாது என்பதுபோல் உடம்பால் மறைத்துக் காட்டினான்.

ஆஸ்பத்திரியில் ஒருதரம் கீழே போட்டுட்டேன். அதனாலயா?

நேற்று ராத்திரி முழுக்க அவன் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. பஸ்ஸில் அவ்வளவு அழகாக வந்த பொய்யை அதற்கு மேல் அவளால் இழுக்க முடியவில்லை. சிப் கெட்டது என்றால் யார் கெடுத்தது என்ற கேள்வி வரும் என்றும், இந்தப் பைத்தியக்காரன் அதைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொள்வான் என்றும் மேனேஜருக்கு எப்படித் தெரியும்? அவளுக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்.

"இல்லண்ணா. நீ ஒண்ணும் பண்ணல. சிப்பு நல்லாத்தான் இருக்கு. நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னாள். மாடி வீட்டையும் சொன்னாள், மூன்று பைட்டையும் சொன்னாள், பச்சை பச்சையாக வந்த சோதனையையும் சொன்னாள். அழுதுகொண்டே சொன்னதால் முன்னே பின்னே ஆயிற்று, ஆனாலும் புரிந்துவிட்டது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டே கேட்டான். அண்ணி கேள்வி கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. கடையில் விலை விசாரிப்பதுபோல் நிதானமாகக் கேட்டாள்.

"இவர் அன்னைக்கு நடுவுல போதும்னு சொன்னாரே."

"சொன்னார் அண்ணி."

"அதுவரைக்கும் பேசினது எல்லாம் நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அதுக்கப்புறம் பேசினதுதான் மொதல்ல பேசினதை அழிச்சுதா?"

"ஆமா."

"நீதான் பேசச் சொன்ன."

"ஆமா அண்ணி."

அண்ணி மடித்துக்கொண்டிருந்த சட்டையை விரித்தாள், பிறகு மறுபடி மடித்தாள். "போன்ல இவர் குரல் கொஞ்சம் இருக்கு" என்றாள். "எங்க இருக்க, சார்ஜ் போட்டியா, பால் வாங்கணுமான்னு. பஸ் ஸ்டாண்டுல கத்துற ஆளு, வீட்லயும் கத்துறாரேன்னு நான்தான் வேற எதையும் எடுத்து வைக்கல." மடித்த சட்டையை அடுக்கில் வைத்தாள். "அந்தப் பேரைச் சொல்லி இனிமே யாரு என்னைக் கூப்பிடுவா?"

அது டிரைவரம்மாவைப் பார்த்துக் கேட்ட கேள்வியில்லை. இருந்தாலும் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. எதையாவது செய்து நிரப்பிவிட வேண்டும் என்கிற அந்தப் பழைய வெறி வந்துவிட்டது. நாற்காலிக்கு முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்துகொண்டு அடுக்கத் தொடங்கினாள். "அண்ணி, நான் விடமாட்டேன். போன்ல இருக்கிறதைத் துண்டு துண்டா வெட்டி ஒட்டலாம். பஸ் ஸ்டாண்டுல பழைய அறிவிப்பு டேப்பு எதுவாவது இருக்கும், போய்க் கேக்கறேன். கம்ப்யூட்டருக்கு அண்ணன் குரலைப் பழக்கிட்டா அதுவே எந்த வார்த்தையையும் பேசும், இப்பல்லாம் அது வந்துடுச்சு. அண்ணா, அந்தப் பேரை மட்டும் எனக்கு எழுதிக் குடு, எழுத்து எழுத்தா நான் கோத்துத் தரேன். இப்ப மாடியும் திறந்தாச்சு, இடம் நிறைய இருக்கு, பாதி அப்படியே காலியா..."

அண்ணன் பெட்டியை எடுத்து, பக்கம் புரட்டி, ஒரு பொத்தானை அழுத்தினான்.

"போதும்."

மருத்துவமனைக்காக வாசித்த சொல். கரகரத்தாலும் திடமான, கொஞ்சம் அலுத்துக்கொண்ட குரல். அன்றைக்கு அதே அறையில் இதே சொல்லை அவன் வாயால் இரண்டு தரம் சொன்னபோது அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்றைக்குப் பாதி வார்த்தையில் வாயை மூடிக்கொண்டாள். அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. அவன் கை மட்டும் வந்து அவள் தலைமேல் ஒரு கணம் இருந்துவிட்டுப் போயிற்று.

வாசலில் குட்டியின் சைக்கிள் மணி அடித்தது. அண்ணி மடியிலிருந்த துணிகளைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தாள். அவன் மடியிலிருந்து பெட்டியை எடுத்து, அவன் அழுத்திய அதே பொத்தானை அழுத்தினாள்.

"போதும்."

பெட்டியைக் காதோடு வைத்துக்கொண்டு இன்னொரு தரம் அழுத்தினாள்.

"போதும்."

கண்ணை மூடிக்கொண்டாள். மறுபடி அழுத்தினாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.